உங்களுக்குத் தெரியுமா? 'கொடு'வும் 'மேலே'யும் சேர்ந்தால் 'கைவிடு'!

'கிவ்' தெரியும். கொடு. 'அப்' தெரியும். மேலே. இரண்டையும் சேருங்கள். 'கிவ் அப்'. மேலே கொடு? இல்லவே இல்லை. கைவிடு! எல்.கே.ஜி. பிள்ளைக்குக்கூடத் தெரிந்த இரண்டு வார்த்தைகள் கை கோத்துக்கொண்டு எம்.ஏ. படித்தவரை முழிக்க வைக்கின்றன. இந்த ஜோடிகளுக்குப் பெயர் ஃபிரேசல் வெர்ப். இங்கே முழுக்க இவைதான்!

'கிவ் அப்' நேற்று முளைத்ததல்ல. இங்கிலாந்தில் பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் எழுதிய வரலாற்றுக் குறிப்பேட்டில், 1137-ஆம் ஆண்டுக் குறிப்பிலேயே இருக்கிறது. ஸ்டீபன் ராஜா பிஷப்புகளைப் பிடித்து உள்ளே தள்ளினார். கோட்டைகளை அவர்கள் 'கிவ் அப்' செய்யும்வரை வெளியே விடவில்லை!

ஜெர்மன்காரர் கைவிட்டால் 'அவுஃப்கேபன்'. 'அவுஃப்' என்றால் மேலே. 'கேபன்' என்றால் கொடு. அதே மேலே, அதே கொடு!

இந்த ஜோடிகளுக்கு ஃபிரேசல் வெர்ப் என்ற பெயரை ஊரறியச் செய்தவர் லோகன் பியர்சால் ஸ்மித். 1925-இல் எழுதிய புத்தகத்தில். பெயரை எடுத்துக் கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர் ஹென்றி பிராட்லி. 1137 எங்கே, 1925 எங்கே? பிள்ளைக்குப் பெயர் ஊரில் பரவ எழுநூறு வருஷத்துக்கு மேல்!

பெயர் இல்லாவிட்டாலும் தலைவலி இருந்தது. சாமுவேல் ஜான்சன் 1755-இல் தன் மாபெரும் அகராதியின் முன்னுரையிலேயே சொல்லிவிட்டார்: வெளிநாட்டுக்காரர்களை ஆகப் பெரிய அளவில் திணறடிப்பது இந்தக் கூட்டுதான் என்று. 42,773 சொற்களுக்குப் பொருள் எழுதிய மனிதர். அவரே இவற்றை முழுசாகச் சேர்த்துவிட்டதாக மார்தட்டிக்கொள்ளவில்லை!

இப்போது எண்ணிக்கை. 10 கோடி வார்த்தை கொண்ட பிரிட்டிஷ் சொல்தொகுப்பை 2007-இல் இரண்டு ஆய்வாளர்கள் சல்லடை போட்டுச் சலித்தார்கள். கார்ட்னர், டேவிஸ். சிக்கியவை 5,18,923 இடங்கள். நான் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன். சுமார் 190 வார்த்தைக்கு ஒன்று!

இவற்றில் பாதியையாவது பிடிக்க எத்தனை வினை தெரிய வேண்டும்? பயப்படாதீர்கள். வெறும் 20 வினை. அவற்றின் வாலில் ஒட்டும் 8 குட்டிச் சொல். இந்த இருபதும் எட்டும்தான் பாதிக்கு மேல்!

அப்பாடா என்று உட்காராதீர்கள். அடிக்கடி வரும் முதல் 100 ஜோடிகளுக்கு மட்டும் 559 அர்த்தம்!

முதலிடம் யாருக்கு? 'கோ ஆன்'. இரண்டாவது 'கேரி அவுட்'. இதில்தான் வேடிக்கை. ஃபிரேசல் வெர்ப் என்றாலே பேச்சு வழக்கு, கட்டுரையில் எழுதினால் மார்க் போய்விடும் என்று பள்ளிக்கூடத்தில் மிரட்டுவார்கள் இல்லையா? இந்த 'கேரி அவுட்' ஆராய்ச்சிக் கட்டுரைகளின் செல்லப்பிள்ளை! ஆய்வை 'கேரி அவுட்' செய்யாத பேராசிரியர் உண்டா? 'பாயின்ட் அவுட்' செய்யாத விமர்சகர்தான் உண்டா?

வினைகளில் பெரிய பூதம் 'ரன்'. ஓடு என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காக இந்த ஒரே ஒரு வினையோடு பீட்டர் கில்லிவர் என்பவர் ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். பிள்ளை பெறும் காலம்! பிறந்தவை 645 அர்த்தங்கள்!

மிச்சத்தைக் கேளுங்கள். அலாரம் 'கோ ஆஃப்' என்றால் அடித்தது. லைட் 'கோ ஆஃப்' என்றால் அணைந்தது. வெடி 'கோ ஆஃப்' என்றால் வெடித்தது. பால் 'கோ ஆஃப்' என்றால் கெட்டுப்போனது. காலை ஐந்து மணிக்கு ஒரே வீட்டில் நான்கும் நடக்கலாம்!

ஃபாரத்தை 'ஃபில் இன்' செய்யலாம். 'ஃபில் அவுட்' செய்யலாம். உள்ளே, வெளியே. வேலை ஒன்றுதான்!

வீடு 'பர்ன் டவுன்' ஆனாலும் சாம்பல். 'பர்ன் அப்' ஆனாலும் சாம்பல்!

வண்டியை 'ஸ்லோ டவுன்' செய்தால் வேகம் குறையும். 'ஸ்லோ அப்' செய்தால்? அதுவும் குறையும்!

முன்னே பின்னே மாற்றிப் போட்டால் கதையே கந்தல். 'லுக் ஓவர்' என்றால் பேப்பரைப் புரட்டிப் பார். அதையே திருப்பி 'ஓவர்லுக்' என்று போடுங்கள். பார்க்காமல் கோட்டைவிடு! ஆடிட்டரிடம் எதைச் சொல்கிறோம் என்று கவனம்.

போலீஸ் சட்டத்தை 'அப்ஹோல்ட்' செய்கிறது. திருடன் பேங்கை 'ஹோல்ட் அப்' செய்கிறான். அதே இரண்டு வார்த்தை!

கைதி தப்பினால் 'பிரேக்-அவுட்'. காய்ச்சல் பரவினால் 'அவுட்பிரேக்'!

நம் ஊர் பஸ் டிரைவர் நாள் முழுக்க 'ஓவர்டேக்' செய்கிறார். அதையே திருப்பி 'டேக் ஓவர்' என்றால் கம்பெனியையே வளைத்துப்போட்டார்!

இதைச் சத்தம் போட்டுச் சொல்லிப் பாருங்கள். வண்டி நின்றுபோயிற்று என்று வினையாகச் சொல்லும்போது 'பிரேக் டவுன்'. அழுத்தம் 'டவுன்' மேல். இது ஒரு பிரேக்டவுன் என்று பெயராகச் சொல்லும்போது அழுத்தம் 'பிரேக்' மேல் தாவிவிடும். எழுத்து அதே. குரல்தான் காட்டிக்கொடுக்கும்!

'பிக் அப் த புக்' சரி. 'பிக் த புக் அப்' சரி. 'பிக் இட் அப்' சரி. 'பிக் அப் இட்'? தப்பு! ஏன் என்று எந்த இங்கிலாந்துக் குழந்தையும் சொல்லாது. ஆனால் ஒரு குழந்தையும் தப்பாகவும் சொல்லாது!

அந்தக் குழந்தைகள் பேச ஆரம்பிக்கும்போதே கையைத் தூக்கிக்கொண்டு 'அப்' என்கின்றன. தூக்கிக்கொள் என்று அர்த்தம். வினை வருவதற்கு முன்பே வால் வந்துவிடுகிறது!

சரி, வீட்டுக்கு ஒரு வார்த்தை, ஆபீஸுக்கு ஒரு வார்த்தை எப்படி வந்தது? 1066-இல் பிரான்சிலிருந்து நார்மன்காரர்கள் வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்தார்கள். அரண்மனையில் பிரெஞ்சு. கோயிலில் லத்தீன். அடுப்படியில் இங்கிலீஷ். இன்றைக்கும் தீப்பிடித்தால் 'புட் அவுட்' என்றுதான் அலறுவார்கள். சுவரில் தொங்கும் சிவப்பு உருளைக்கு மட்டும் 'எக்ஸ்டிங்விஷர்' என்று லத்தீன் பெயர்!

கல்யாணத்தை 'புட் ஆஃப்' செய்தால் வீட்டுப் பேச்சு. 'போஸ்ட்போன்' என்றால் அழைப்பிதழ்ப் பேச்சு. முன்கூட்டியே வைத்தால்? இங்கிலாந்தில் 'பிரிங் ஃபார்வர்ட்' என்று இரண்டு வார்த்தை செலவாகும். நம்மவர்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். 'பிரீபோன்'! இந்தியாவின் இந்தச் செல்லச் சொல்லை ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே ஏற்றுக்கொண்டுவிட்டது!

சாவுக்கு மட்டும் கணக்கு தலைகீழ். 'டை' என்பது பச்சையான வார்த்தை. மரியாதைக்கு 'பாஸ் அவே'. ஃபிரேசல் வெர்ப்தான் அங்கே அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு நிற்கிறது. நாம் செத்தார் என்னாமல் காலமானார் என்பதுபோல!

கோர்ட்டிலும் அப்படித்தான். எதிராளி வராமலேயே தீர்ப்பு, அதாவது எக்ஸ்பார்ட்டி டிக்ரி, ஆகிவிட்டால் வக்கீல் என்ன சொல்வார்? "செட் அசைட் பெட்டிஷன் போட்டுடலாம்." 'செட்' என்றால் வை. 'அசைட்' என்றால் ஓரமாக. தீர்ப்பை ஓரமாகத் தூக்கி வை! 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆம் கட்டளை, 13-ஆம் விதியில் இதுதான் இருக்கிறது. கறுப்புக் கோட்டுக்கே உரிய ஃபிரேசல் வெர்ப்!

அரசு அலுவலகத்துக்கு வாருங்கள். ஃபைலில் 'புட் அப்' என்று எழுதினால் மேலதிகாரிக்குச் சமர்ப்பி. "எங்கே புட் அப்?" என்று யாராவது கேட்டால் எங்கே தங்கியிருக்கிறாய். போஸ்டரை 'புட் அப்' செய்தால் ஒட்டுவது. கூடாரத்தை 'புட் அப்' செய்தால் கட்டுவது. விலையை 'புட் அப்' செய்தால் ஏற்றுவது. வாலில் இன்னொரு குட்டிச் சொல், 'வித்' சேருங்கள். 'புட் அப் வித்'. பொறுத்துக்கொள்! இத்தனையையும் பொறுத்துக்கொள்பவரும் அதே குமாஸ்தாதான்.

இந்த 'புட் அப் வித்' பேரில் ஒரு பிரபலமான நக்கல் உண்டு. வாக்கியத்தின் கடைசியில் 'வித்' போன்ற சொல்லை விடக்கூடாது என்று ஓர் அதிமேதாவி திருத்தினாராம். எழுதியவருக்கு ஏறியது கோபம். 'அப் வித் விச் ஐ வில் நாட் புட்' என்று பதில் போட்டாராம். மூன்றையும் பிய்த்துப் போட்டுவிட்டார்! சொன்னவர் சர்ச்சில் என்று ஊரே சத்தியம் செய்யும். ஆனால் 1942-இல் அச்சில் வந்த கதையில் சர்ச்சில் பெயரே இல்லை!

அந்த விதியைக் கிளப்பிவிட்டவர் கவிஞர் ஜான் டிரைடன். 1672-இல். கிளப்பிவிட்ட பிறகு தன் பழைய கட்டுரையையே எடுத்துத் திருத்தினார். அங்கேயும் கடைசியில் நின்றிருந்தன குட்டிச் சொற்கள்!

சர்ச்சில் நிஜமாகவே மாட்டிய இடம் வேறு. 1930-இல் சி.கே.ஆக்டன் 'பேசிக் இங்கிலீஷ்' என்று ஒன்று கொண்டுவந்தார். மொத்தமே 850 வார்த்தை. அதில் வினை எத்தனை? 18! உலகமே இதைப் பேசலாம் என்றார்கள். 1943-இல் ஹார்வர்டில் சர்ச்சிலே அதற்குக் கொடி பிடித்தார். 18 வினையை வைத்து எப்படி ஒப்பேற்றுவது? அங்கேதான் சூட்சுமம். 'புட்', 'கெட்', 'டேக்' பின்னால் 'அப்', 'ஆஃப்', 'அவுட்' ஒட்ட வேண்டியதுதான். சிக்கனம் பிரமாதம். ஆனால் ஒட்டியதால் முளைத்த புது அர்த்தங்கள் அந்த 850 கணக்கில் சேரவேயில்லை!

இப்போது சிரிப்பு கொஞ்சம் நிற்கட்டும். 27 மார்ச் 1977. ஸ்பெயினின் டெனரீஃப் தீவு. மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள். கே.எல்.எம். துணை விமானி ரேடியோவில் சொன்னது, நாங்கள் இப்போது 'அட் டேக்-ஆஃப்' என்பது. கிளம்பிக்கொண்டிருக்கிறோம் என்று அவர் நினைப்பு. கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று கன்ட்ரோல் டவர் நினைப்பு. எதிரே பான் ஆம் விமானம். இறந்தவர்கள் 583 பேர்!

அதற்குப் பிறகு வந்தது கட்டுப்பாடு. 'டேக்-ஆஃப்' என்ற வார்த்தையை இஷ்டத்துக்கு உச்சரிக்க முடியாது. கிளம்ப அனுமதி தரும்போதும் அந்த அனுமதியை ரத்து செய்யும்போதும் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் 'டிபார்ச்சர்'. பூட்டு போட்டுப் பாதுகாக்கப்படும் ஃபிரேசல் வெர்ப் உலகத்திலேயே இதுவாகத்தான் இருக்கும்!

அமெரிக்கா வேறு ஒன்றைத் திறந்துவிட்டது. ஓடுபாதையில் போய் நில் என்பதற்கு அங்கே 'பொசிஷன் அண்ட் ஹோல்ட்' என்பார்கள். 30 செப்டம்பர் 2010 முதல் 'லைன் அப் அண்ட் வெயிட்'!

விமானம் பழுது பார்க்கும் மெக்கானிக்குகளுக்கு எழுதும் கையேட்டுக்கு என்றே தனி எளிய இங்கிலீஷ் உண்டு. அதில் இரண்டு சொல்லைச் சேர்த்து ஃபிரேசல் வெர்ப் உண்டாக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஸ்குரூவைக் கழற்று என்றால் கழற்று. வேறு அர்த்தம் வரவே கூடாது!

கடல் தாண்டினால் மானம் போகும் ஜோடிகளும் உண்டு. 'வாஷ் அப்' என்றால் லண்டனில் பாத்திரம் தேய். நியூயார்க்கில் கைமுகம் கழுவு. விருந்துக்குப் போன இடத்தில் தவறிக் கேட்டால் தட்டெல்லாம் உங்கள் தலையில்!

'நாக் அப்' இன்னும் மோசம். பிரிட்டனில் கதவைத் தட்டி எழுப்பு. அமெரிக்காவில் கர்ப்பமாக்கு! அந்தக் காலத்தில் பிரிட்டனின் மில் ஊர்களில் இதுவே ஒரு தொழில். அலாரம் வாங்க வசதியில்லாத தொழிலாளிகளை விடிகாலையில் எழுப்ப ஆள் வருவார். அவர் பெயர் 'நாக்கர்-அப்'. கையில் நீளக் கம்பு. மாடி ஜன்னலில் டக் டக். கிழக்கு லண்டனில் மேரி ஸ்மித் என்ற அம்மாள் கம்புகூட வைத்துக்கொள்ளவில்லை. குழாயில் காய்ந்த பட்டாணியைப் போட்டு ஜன்னலைப் பார்த்து ஒரே ஊது! எழுந்திருக்காமல் இருக்க முடியுமா?

நம் கதைக்கு வருவோம். "நான் 2012-இல் பாஸ் அவுட்." இதைச் சொல்லாத தமிழ்நாட்டுப் பட்டதாரி யார்? அமெரிக்கக்காரர் காதில் விழுவது: 2012-இல் மயங்கி விழுந்தேன்! அடப்பாவமே, வருஷம் முழுக்கவா என்று கேட்காத குறை. என் பழைய பயோடேட்டாவிலும் இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறேன். ஒன்று டிகிரி, ஒன்று டிப்ளமோ!

நம்மவர்கள் அதை அந்தரத்திலிருந்து பிடிக்கவில்லை. ராணுவத்தில் பயிற்சி முடித்தால் 'பாஸிங் அவுட்' அணிவகுப்பு. பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் இன்றும் நடக்கிறது. யாரும் மயங்குவதில்லை. வெயில் உச்சியில் இருந்தால் அதற்கும் உத்தரவாதமில்லை!

போனை 'ஹேங் அப்' செய்வது என்றால் என்ன? தொங்கவிடு. பழைய போன் சுவரில் இருந்தது. பேசி முடித்ததும் காதில் வைத்ததைக் கொக்கியில் மாட்டுவார்கள். கொக்கி போய், ஒயர் போய், பட்டனும் போய்விட்டது. வார்த்தை மட்டும் இன்னும் தொங்குகிறது! இளிக்காதீர்கள். நாமும் செல்போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு "சரி, வெச்சிடட்டுமா?" என்றுதானே கேட்கிறோம்? எங்கே வைக்கிறோம்?

'லாக் இன்' செய்கிறீர்களே, அந்த 'லாக்' என்ன தெரியுமா? கட்டை! கப்பலின் வேகத்தை அளக்க முடிச்சுப் போட்ட கயிற்றில் மரக்கட்டையைக் கட்டிக் கடலில் எறிவார்கள். கட்டைக் கணக்கு எழுதிய நோட்டு 'லாக்புக்'. அதில் பதிவது 'லாக்'. இன்று பேங்க் ஆப்பைத் திறக்கும்போது நாம் எறிவதும் அதே கட்டைதான்! முடிச்சு என்ன ஆயிற்று? கப்பல் வேகம் இன்றும் 'நாட்' கணக்கில்தான்!

விண்டோஸ் 95-இல் கம்ப்யூட்டரை 'ஷட் டவுன்' செய்ய முதலில் எந்த பட்டனை அழுத்த வேண்டும்? 'ஸ்டார்ட்'!

ஆறே வார்த்தையில் ஒரு தலைமுறையைக் கிறுக்காக்கியவர் அமெரிக்க உளவியலாளர் டிமதி லியரி. 1967 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ கூட்டத்தில் அவர் முழங்கியது: 'டர்ன் ஆன், டியூன் இன், டிராப் அவுட்'. ஆறு வார்த்தை, மூன்று ஃபிரேசல் வெர்ப்!

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறலாம் என்றவர்களின் 2016 கோஷம் 'டேக் பேக் கன்ட்ரோல்'. 'ரீகெயின்' என்று பிரெஞ்சு வாசனையோடு வைத்திருந்தால் தேறியிருக்குமா என்பது என் சந்தேகம். கிடைத்தது 51.9 சதவீதம்!

இஸ்ரேல் மாணவர்கள் இந்த ஜோடிகளைக் கண்டாலே ஒதுங்குகிறார்கள் என்று 1985-இல் ஓர் ஆய்வு வந்தது. எபிரேயத்தில் இப்படி ஒரு சங்கதியே இல்லை, பாவம். நான்கு வருஷம் கழித்து டச்சு மாணவர்களைச் சோதித்தார்கள். அவர்கள் மொழியில் இது ஏராளம். ஆனாலும் சில இடங்களில் ஒதுங்கினார்கள்! ரொம்பவே டச்சு மாதிரி இருக்கிறதே, இது இங்கிலீஷாக இருக்காது என்ற சந்தேகமாம்!

நமக்குச் சந்தேகம் வரக்கூடாது. நம் வீட்டிலேயே இருக்கிறது! 'சொல்லு'வும் 'கொடு'வும் சேர்ந்தால் சொல்லிக்கொடு. பாடம் நடத்து. 'காட்டு'வும் 'கொடு'வும் சேர்ந்தால் காட்டிக்கொடு. துரோகம்! 'விடு'வும் 'கொடு'வும் சேர்ந்தால் விட்டுக்கொடு. பெருந்தன்மை! ஒரே 'கொடு' வாத்தியாரையும் எட்டப்பனையும் வள்ளலையும் உண்டாக்குகிறது. தமிழ் கற்க வரும் வெள்ளைக்காரர் தலையைப் பிய்த்துக்கொள்ள மாட்டாரா?

'ஃபைண்ட் அவுட்' என்பதற்குத் தமிழ் என்ன? கண்டுபிடி. காண், பிடி. இரண்டுக்கு இரண்டு!

தமிழ்நாட்டில் இறங்கியதும் இந்த ஜோடிகள் வேஷமே மாற்றிவிட்டன. 'பில்ட் அப்' என்றால் அங்கே படிப்படியாகக் கட்டு. இங்கே பில்டப். ஒன்றுமில்லாததற்கு ஓவர் அலட்டல்! 'செட் அப்' அங்கே ஏற்பாடு. இங்கே செட்டப் என்றால் ஆள் பிடித்து ஆடிய நாடகம்! 'கட் அவுட்' அங்கே வெட்டி எடு. இங்கே 60 அடி உயரத்துக்குப் பாலாபிஷேகம்!

டீக்கடையில் கால் மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மேக்கப், செக்கப், லாக்கப், பிரேக்கப், பிக்கப், வொர்க்கவுட், ரன் அவுட். ஒருவர்கூட இங்கிலீஷ் பேசவில்லை!

கடைசியாக ஒன்று. இதை நானே கண்டுபிடித்தேன், கொஞ்சம் பீற்றிக்கொள்ள விடுங்கள். மூட்டை கட்டு என்பது இங்கிலீஷில் 'பேக் அப்'. நகல் எடுத்து வை என்பதும் 'பேக் அப்'. அவர்களுக்கு இரண்டும் வேறு வேறு எழுத்து, வேறு வேறு உச்சரிப்பு, வேறு வேறு வார்த்தை. தமிழில் எழுதினால் ஒன்றேதான்! ஷூட்டிங்கில் டைரக்டர் "பேக்கப்" என்றால் லைட்மேன்வரை அத்தனை பேரும் வீட்டுக்குப் போகலாம். அன்று எடுத்ததை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றும் பையனிடம் "பேக்கப்" என்றால் விடிய விடிய வீட்டுக்குப் போக முடியாது!